காந்தப்புலம் இல்லாத வெள்ளிக்கு இவ்வளவு வளி எப்படி?

சுன்னாகம் மாணவி:
உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்ததால், சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வரும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம்) அதன் வளிமண்டலத்தை அரித்துவிட்டது என்று வகுப்பில் சொன்னார்கள். வெள்ளிக்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லையே! அங்கே தரையில் அமுக்கம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல். இது எப்படிப் பொருந்தும்?

கொக்குவில் ஆசிரியர்:
அருமையான கேள்வி, பிள்ளை. காந்தப்புலம் மட்டுமே காவல் என்பது பாதி விளக்கம். ஈர்ப்பையும் பார்க்க வேண்டும். செவ்வாயிலிருந்து தப்ப செக்கனுக்கு 5 கிலோமீற்றர் வேகம் போதும். வெள்ளியில் 10க்கு மேல் வேண்டும். 2014இல் செவ்வாயை அடைந்த மேவன் விண்கலம், சூரியக் காற்று அங்கிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிராம் வாயுவைப் பறிப்பதை அளந்தது. சூரியப் புயல் வீசும்போது இழப்பு கூடுகிறது. இளம் சூரியன் இன்னும் மூர்க்கமாக இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வெள்ளியில், சூரியக் காற்று அயனமண்டலத்தில் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் உள்ள படை) மோதுவதாலேயே ஒரு தூண்டற் காந்தப்புலம் உருவாகி ஓரளவு தடுக்கிறது.

பருத்தித்துறை வாசகர்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெள்ளியும் இழந்துகொண்டுதான் இருக்கிறது. 2006 முதல் 2014 வரை அதைச் சுற்றிய வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம், ஐதரசன், ஒட்சிசன் அயன்கள் ஏறத்தாழ 2:1 விகிதத்தில் வெளியேறுவதைக் கண்டது. நீரின் விகிதம் அது! காபனீரொட்சைட்டு தங்கிவிட்டது, தண்ணீர் போய்விட்டது. எனக்கு மிகவும் துயரம் தரும் கண்டுபிடிப்பு இது.

சுன்னாகம் மாணவி:
மிக்க நன்றி ஐயா, அண்ணா. அப்படியானால் பூமி எதையும் இழப்பதில்லையா?

கொக்குவில் ஆசிரியர்:
இழக்கிறது. துருவப் பகுதிகளின் வழியாக ஒட்சிசன் அயன்கள் வெளியேறுவதை கிளஸ்டர் விண்கலங்கள் அளந்திருக்கின்றன. அடுத்து அதைப் படியுங்கள்.