மலேசியாவில் படுத்துக் கிடப்பவரை ஊருக்குக் கொண்டுவர யார் காசு கட்டுவது?

குறுவைக்காரன் | நீடாமங்கலம்

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மலேசியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் பக்கவாதம் தாக்கி கோலாலம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்சூரன்ஸ் கிடையாது. பில் நாளுக்கு நாள் ஏறுகிறது. வீட்டுக்கார அம்மா திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அரசாங்கமே பில்லைக் கட்டி ஆளை அழைத்து வர வேண்டும் என்று. ஊர் வாட்ஸப் குழுவில் வசூல் நடக்கிறது. நானும் முடிந்ததைப் போட்டேன்.

அது வேறு, இது வேறு. பிழைக்கப் போனவனுக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றிப் பார்க்கப் போனவருக்குப் பொதுப்பணத்தில் ஏன் கொடுக்க வேண்டும்? டிக்கெட் போட முடிந்தவரால் இன்சூரன்ஸ் போட முடியாதா? சம்பாவுக்கு விவசாயி 1.5 சதவீதம் பிரீமியம் கட்டினால்தான் காப்பீடு. கட்டாதவன் வயல் மூழ்கினால் கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அலையாத்தி | முத்துப்பேட்டை

கம்பெனிக்காரன் பார்க்க மாட்டான் அண்ணே, வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார். பிரீமியம் கட்டாத வயலுக்கும் வெள்ள நிவாரணம் வருகிறதே. நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடுங்கள், அவருக்கு வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டிருக்கும். வேலைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் என்று அதில் பிரித்து எழுதவில்லை. அடுத்த நாட்டுக்காரனைச் செய்யச் சொல்லிவிட்டு, சொந்த ஆளுக்கு நாம் கைவிரிப்பது என்ன நியாயம்?

மகாமகக் குளத்தெரு | கும்பகோணம்

நான் டிராவல்ஸ் நடத்துகிறவன். இலங்கை, மலேசியா சிங்கப்பூர், நேபாளம் முக்திநாத் என்று ஆள் அனுப்புகிறேன். அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன்.

பேக்கேஜ் விலையில் இன்சூரன்ஸைச் சேர்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். தனியாகக் கேட்டால், "கிளம்பும்போதே அபசகுனமா பேசாதீங்க சார்" என்கிறார்கள். சில நூறு ரூபாய் விஷயம். அதே ஆள் ஐரோப்பாவுக்கு விண்ணப்பித்தால் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை மறுபேச்சில்லாமல் எடுக்கிறார், ஏனென்றால் அது இல்லாமல் ஷெங்கன் விசா கிடையாது. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் விசா இல்லாமல் திறந்துவிட்டது. கேட்க ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம், கோயம்பேடு போவது போல் போகிறார்கள்.

2018 ஜூலையில் கைலாஷ் மானசரோவர் போய்த் திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மழையில் நேபாளத்தின் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. தூதரகம் ஆள் அனுப்பியது, சாப்பாடு, மருந்து பார்த்தது, விமானமும் ஹெலிகாப்டரும் வைத்து இறக்கியது. நல்லது. ஆனால் அந்தப் பருவத்தில் அங்கே வானிலை இப்படித்தான் இருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே போனவரிடம் செலவில் ஒரு பங்காவது கேட்கலாமா, கூடாதா? பிரான்சில் 2010-ல் சட்டமே போட்டார்கள், எச்சரித்த பிறகும் ஆபத்தான இடத்துக்குப் போனவரிடம் மீட்புச் செலவைத் திரும்பக் கேட்கலாம் என்று. ஜெர்மனியில் ஒரு சுற்றுலாப் பயணி கொலம்பியாவில் கடத்தப்பட்டு மீண்டு வந்தார். அவர் ஹெலிகாப்டர் செலவாக 12,000 யூரோவுக்கு மேல் கட்டவேண்டும் என்று 2009-ல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே சொன்னது.

கோடியக்கரைக் காற்று | வேதாரண்யம்

கடத்தப்பட்டவரிடம் பில்லா? நல்ல நாடு.

சபுராளி | அதிராம்பட்டினம்

வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே சங்கத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு அலைந்திருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். குறுவைக்காரத் தம்பி "பொதுப்பணம்" என்கிறார். இந்திய சமூக நல நிதி என்று 2009-ல் தொடங்கியது ஒன்று இருக்கிறது, எல்லாத் தூதரகத்திலும் உண்டு. அதில் பெரும்பங்கு அங்கே இருக்கும் நம் ஆட்கள் கட்டியது. பாஸ்போர்ட் புதுப்பிக்க, அத்தாட்சி வாங்க என்று தூதரக ஜன்னலில் நிற்கும்போதெல்லாம் கட்டணத்தோடு சேர்த்து இதற்கும் ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். ஆகவே உங்கள் நெல்லில் பிடித்த காசு என்று வருத்தப்பட வேண்டாம்.

தங்க இடம், சாப்பாடு, டிக்கெட், அவசர சிகிச்சை, வக்கீல், உடலை ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். 2017-ல் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். வேலைக்காரர்களோடு, துயரத்தில் இருக்கும் மற்ற இந்தியக் குடிமக்களுக்கும் என்றுதான் இருக்கிறது. ஆனால் வசதி பார்த்துத்தான் கொடுப்பார்கள். தகுதி யாருக்கு என்று முடிவு செய்வது அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி.

அப்புறம் இந்த "சுற்றுலா" கதை. நம் பக்கத்தில் டூரிஸ்டாகப் போகிறவரெல்லாம் டூரிஸ்டா? பத்தாவது தேறாதவர் மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி கிளியரன்ஸ் வாங்க வேண்டும். வாங்கினால் 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு வருஷத்துக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. சப்-ஏஜென்ட் என்ன செய்கிறான்? "அதெல்லாம் லேட்டாகும், விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, இமிகிரேஷனில் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்து ஏற்றிவிடுகிறான். அந்த நிமிஷமே காப்பீடு போச்சு, கம்பெனிப் பொறுப்பும் போச்சு. நீங்கள் சொல்வது போல் டூரிஸ்டுக்குக் கிடையாது என்று விதி போட்டால் முதலில் அடிபடுகிறவன் இவன்தான்.

குறுவைக்காரன் | நீடாமங்கலம்

சரி காக்கா, நிதி விஷயம் புரிந்தது. ஆனால் நீங்கள் சொல்கிறவர் தெரிந்தே பொய் சொல்லிப் போனவர். அவருக்கும் கொடுத்தால், ஒழுங்காகக் கிளியரன்ஸ் வாங்கிப் போகிறவன் ஏமாளியா?

அலையாத்தி | முத்துப்பேட்டை

2022-ல் மியான்மார் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் மாட்டியவர்களும் தாய்லாந்துக்கு விசிட்டில் போனவர்கள்தான். ஐ.டி. வேலை என்று நம்பிப் போனார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்து எல்லையிலிருந்து விமானப்படை விமானத்தில் 549 பேரைக் கூட்டிவந்தார்கள். பொய் சொல்லிப் போனாய், அடிவாங்கு என்று விட்டிருக்க வேண்டுமா?

மகாமகக் குளத்தெரு | கும்பகோணம்

அவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்று யார் சொன்னது? கூட்டிவருவது வேறு, யார் செலவு என்பது வேறு. அமெரிக்கா தன் ஆட்களைக் கூட்டிவரும், கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. திருப்பிக் கட்டாதவருக்குப் புதுப் பாஸ்போர்ட் சுலபமாகக் கிடைக்காது. உயிரும் மிஞ்சும், கஜானாவும் மிஞ்சும்.

மாயவரத்து அம்மா | மயிலாடுதுறை

என் மகன் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். 2022 பிப்ரவரி, மார்ச்சில் நாங்கள் பட்ட பாட்டை எழுதி முடியாது. ரயிலில் நின்றுகொண்டே ஹங்கேரி எல்லைக்கு வந்தான், போனில் சார்ஜ் இல்லை. அங்கிருந்து ஆபரேஷன் கங்கா விமானம், ஒரு ரூபாய் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து ஊருக்கு மாநில அரசு அனுப்பிவைத்தது. அந்த நேரத்தில் ஒருவர் கடன் பத்திரத்தை நீட்டியிருந்தால் பிள்ளை கையெழுத்துப் போட்டிருப்பான். எதையும் போட்டிருப்பான். அதைச் சம்மதம் என்று சொல்வீர்களா?

சபுராளி | அதிராம்பட்டினம்

உங்கள் பிள்ளை வந்து சேர்ந்ததில் எங்களுக்கும் சந்தோஷம் அம்மா. ஆனால் இதைக் கேளுங்கள். 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் வந்தே பாரத் விமானம் தொடங்கியபோது, வேலை போய், அறை வாடகை கட்ட முடியாமல் பத்துப் பேர் ஒரு அறையில் கிடந்த எங்கள் ஆட்கள் டிக்கெட்டுக்குக் காசு கட்டித்தான் வந்தார்கள். 1990-ல் குவைத்திலிருந்து அம்மான் வழியாக 1.7 லட்சம் பேரைக் கொண்டுவந்த அதே நாடு. போர் என்றால் இலவசம், கொள்ளைநோய் என்றால் கட்டணம். எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது? எந்தச் சட்டத்திலும் இல்லை. டிவியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பார்த்து முடிவாகிறது. எனக்குக் கோபம் அங்கேதான்.

கோடியக்கரைக் காற்று | வேதாரண்யம்

சூடானுக்கு 2023-ல் கப்பல் அனுப்பி, அதற்கு ஆபரேஷன் காவேரி என்று பேர் வைத்தார்கள். கடைமடைக்குத்தான் காவேரி வராது.

எங்கள் கரை மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரக ஆட்கள் சிறைக்கு வந்து பார்க்கிறார்கள், துணி, சோப்பு கொடுக்கிறார்கள், விடுதலையானால் விமானத்தில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். படகு அங்கேயே மக்கிப் போகும். தாண்டிப் போனது தப்புதானே என்று இங்கேயும் யாராவது வருவீர்கள், வாருங்கள்.

மகாமகக் குளத்தெரு | கும்பகோணம்

நான் வரவில்லை. அது வயிற்றுப்பாடு. என் சண்டை, வசதி இருந்தும் காப்பீடு எடுக்காமல் போகிறவரோடு மட்டும்.

மாயவரத்து அம்மா | மயிலாடுதுறை

காப்பீடு எடுத்தால் மட்டும்? நாங்கள் எடுத்திருந்த பாலிசியில் போருக்குக் கிடையாது என்று இருந்தது. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பக்கவாதத்துக்கும் கையை விரித்துவிடுவார்கள். ஐம்பது வயதில் ரத்தக்கொதிப்பு இல்லாதவர் நம் ஊரில் எத்தனை பேர்?

சபுராளி | அதிராம்பட்டினம்

காசைப் பற்றியே பேசுகிறோம். குடும்பங்களுக்குப் பெரிய தடை பல நேரம் காசு இல்லை, காகிதம். ஒருவர் அங்கே இறந்துபோனால் என்னென்ன வேண்டும் தெரியுமா? அந்த நாட்டு இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, உடலைப் பதப்படுத்திய எம்பாமிங் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையின்மைச் சான்று. இங்கிருந்து வாரிசுகள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம். அந்தக் கடிதத்தில் ஒரு அண்ணன் தம்பி கையெழுத்து விட்டுப்போனதால் பெட்டி குளிர்ப்பதன அறையிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பங்காளித் தகராறு, அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். தூதரகம் என்ன செய்யும்?

தம்பி, அந்த அம்மா கொடுத்த மனுவில் என்ன எழுதியிருக்கிறது?

குறுவைக்காரன் | நீடாமங்கலம்

கணவரை மீட்டுத் தர வேண்டும் என்று இருக்கிறது. டைப் அடிக்கும் கடையில் எழுதிக்கொடுத்தது.

சபுராளி | அதிராம்பட்டினம்

அது போதாது. பாஸ்போர்ட் எண், ஆஸ்பத்திரி பேர், வார்டு, டாக்டர் கொடுத்த அறிக்கை, அதுவரை வந்த பில், கூட யார் இருக்கிறார்கள், அவர் போன் எண் எல்லாம் வேண்டும். கலெக்டர் ஆபீஸிலிருந்து சென்னை போய் டெல்லி போய் கோலாலம்பூர் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் நேரே பதியலாம், 2015-லிருந்து இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு பிரதி. முக்கியமாக வருமானச் சான்று. வசதி இல்லை என்று காட்டினால்தான் அந்த நிதி.

குறுவைக்காரன் | நீடாமங்கலம்

அங்கேதான் சிக்கல் காக்கா. அவர் பேரில் பதினைந்து மா நிலம் பட்டா இருக்கிறது. பாதி அடமானம். கையில் பத்துப் பைசா கிடையாது. பட்டாவைப் பார்க்கிற தாசில்தார் வசதி இல்லாதவர் என்று எழுதுவாரா?

மகாமகக் குளத்தெரு | கும்பகோணம்

பதினைந்து மாவா? ஐந்து ஏக்கர்! இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு மாவை விற்கட்டும், பில் தீர்ந்துவிடும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு அங்கே பாத்திரம் கழுவுகிறவன் கட்டிய காசில் ஏன் கொடுக்க வேண்டும்?

குறுவைக்காரன் | நீடாமங்கலம்

விற்கலாம் சார், வாங்க ஆளும் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் வலது கை வராமல் கோலாலம்பூரில் கிடக்கிறார்.

அலையாத்தி | முத்துப்பேட்டை

மனைவி பேருக்குப் பவர் கொடுக்கச் சொல்லலாமே. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கலாம்.

சபுராளி | அதிராம்பட்டினம்

வைக்கலாம். ஆனால் அந்தப் பவரை வழக்கமாகத் தூதரக அதிகாரி முன்னால் நேரில் வைக்கச் சொல்வார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய் டோக்கன் வாங்க முடியாது.

மகாமகக் குளத்தெரு | கும்பகோணம்

அப்படியென்றால் அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று நானும் கையெழுத்துப் போடுகிறேன். பில்லுக்கு மட்டும் போட மாட்டேன்.

சபுராளி | அதிராம்பட்டினம்

தம்பி, மனுவில் அதைத் தனிக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பில் கோரிக்கைக்கு முன்னால் வரட்டும். இன்றைக்கே பதிந்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.