பிள்ளைக்கு முதல் காடி: செகன்ஹேண்ட் வாங்கிய அனுபவங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அப்பா

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு மகளுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன். டி.ஏ. லைசென்ஸ், ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். புது ஓட்டுநர் என்பதால் இரண்டு வருஷம் வரை காடியின் முன்பக்கமும் பின்பக்கமும் 'பி' ஒட்ட வேண்டும். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. வீடு தோட்டத்துக்குள். மெயின் ரோட்டுக்கு வரவே இரண்டு கல் மண் சடக்கு. பஸ்ஸை நம்பினால் முதல் வகுப்பு போய்விடும். மோட்டார் வாங்கித் தர எனக்கு மனசு வரவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்கு நடுவில், மழையில், அவள் மோட்டாரில் போவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அதனால் காடிதான் என்று முடிவு செய்தேன். கையில் 25,000 வெள்ளி.

மூன்று மாதம் தேடினேன். அதில் இரண்டு காடிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

முதலாவது ஈப்போவில் ஒரு கடையில் பார்த்தது. வெள்ளை நிறம், பளபளவென்று இருந்தது, விலையும் மற்ற இடங்களை விடக் குறைவு. கதவைத் திறந்ததும் வாசனைத் தைலம் மூக்கில் ஏறியது. இவ்வளவு வாசனை எதற்கு என்று ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த பட்டறை போர்மேனுக்குப் போன் போட்டேன். "பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். முதல் முக்கால் பங்கு சுத்தமாக இருந்தது. கடைசி ஒரு சாண் வெளியே வந்தபோது குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, தேத்தண்ணி காய்ந்த கறை மாதிரி. விரலால் தேய்த்தேன், நைசாக மண் ஒட்டியது. டிக்கியில் ஸ்பேர் டயரைத் தூக்கிப் பார்த்தால் அந்தக் குழியின் மடிப்பிலும் அதே மண். முந்தைய சொந்தக்காரரின் பிள்ளை மைலோ கொட்டியிருக்கும் என்றார் விற்பனையாளர். டிக்கிக்குள் யார் மைலோ குடிப்பார்கள்? 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வெள்ளம் வந்ததே, அதில் மூழ்கிய காடிகளைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இது எந்த வெள்ளத்துக் காடியோ தெரியாது, ஆனால் தண்ணீரில் நின்ற காடி என்பது நிச்சயம். அப்படிப்பட்ட காடியில் ஏர்பேக் ஒயர் என்றைக்கு அரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டோம்.

இரண்டாவது காடி மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்காரருக்கும் அது தெரிந்துவிட்டது. "சாயங்காலம் இன்னோர் ஆள் வர்றார், 500 வெள்ளி முன்பணம் கட்டிட்டுப் போங்க" என்றார். என் போர்மேன் பார்த்த பிறகுதான் பணம் என்றேன். காடியைக் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டோம் என்றார்கள். சரி, அப்படியானால் வேண்டாம் என்று கிளம்பினேன். வீடு வரும் வரை மகள் பேசவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியாள் பார்க்க விடாத காடியில் என் பிள்ளையை எப்படி ஏற்றுவேன்?

கடைசியில் எங்கள் ஊரிலேயே, பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடம் 2017 பெரோடுவா பெசா 1.3 அட்வான்ஸ் கிடைத்தது. அட்வான்ஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பெசா 2016-இல் வந்தபோது வி.எஸ்.சி. அந்த வகையில் மட்டும்தான் இருந்தது. மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கினால் அந்தந்தச் சக்கரத்துக்குத் தனித்தனியாக பிரேக் கொடுத்து காடியை நேராக்கும் வசதி அது. இருபது வருஷமாக ஓட்டுகிற எனக்கே வழுக்கியிருக்கிறது. புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு ரிம்மும் ஸ்பீக்கரும் இல்லாவிட்டால் பரவாயில்லை, இது இல்லாமல் முடியாது.

ஆசிரியர் ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. டயர் மட்டும் பழசு. ஓரத்தில் 2217 என்று இருந்தது, அதாவது 2017-இன் 22-வது வாரம் செய்தது, காடியோடு வந்தது. டயரின் கட்டை தேயாமல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, அந்தப் பணத்தில் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன்.

இங்கே வேறு யாராவது பிள்ளைகளுக்கு வாங்கியிருந்தால் எழுதுங்கள். நான் எதையாவது விட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

கோலகங்சார் பட்டறைக்காரர்

அண்ணே, நல்ல வேலை செய்தீர்கள். பட்டறையில் 25 வருஷமாக இருக்கிறேன், பிள்ளைக்குக் காடி பார்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

காலையில் போய்ப் பாருங்கள், அதுவும் சொல்லாமல். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சினில்தான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது.

சாவி போட்டதும் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். (ஓங்கி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) விளக்கு, வழுக்கும் காடியின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எல்லாம் முதலில் எரிய வேண்டும், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க பல்பைக் கழற்றியிருப்பார்கள். இதை அப்பா அம்மா யாரும் கவனிப்பதில்லை, என் மனசு அதில்தான் அடித்துக்கொள்கிறது.

மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று மயங்காதீர்கள். 60,000 என்று காட்டும், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். காலும் கையும் பட்ட இடம் பொய் சொல்லாது. அப்புறம், மண் சடக்கில் ஓடிய காடியா என்று கீழே குனிந்து பாருங்கள். அப்சார்பர் ஒழுகுவதும், டிரைவ் ஷாஃப்ட் பூட் (சக்கரத்தைச் சுற்றும் அச்சின் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் சிதறிக் கிடப்பதும் தோட்டத்துப் பக்கம் சாதாரணம். இதெல்லாம் சரி செய்யக்கூடிய செலவுதான், விலை பேசும்போது சொல்லலாம். கியர்பாக்ஸ் அப்படி இல்லை. மேட்டில் நிறுத்தி, ஆர்-இலிருந்து டி-க்கு மாற்றிப் பாருங்கள். இடி விழுந்த மாதிரி குலுங்கினால் அந்தக் காடி வேண்டாம்.

நிறைய பேர் பி5 சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, காடி நல்லது என்று நினைக்கிறார்கள். பெயர் மாற்றுவதற்கு அது கட்டாயம், உண்மைதான். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், கண்ணாடி டிண்ட் போன்றவற்றைப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அதற்கு உங்கள் ஆள் வேண்டும்.

பணம் இன்னும் குறைவாக இருக்கிறவர்கள் புரோட்டோன் சாகா பார்க்கலாம். 2016-இல் வந்த சாகாவில் பிரீமியம் சி.வி.டி. வகையில் மட்டும் வழுக்கலைத் தடுக்கும் வசதி உண்டு. அதற்கும் முந்தைய சாகா என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும், அதுவும் நடுரோட்டில் நின்றுவிடும்.

தெலுக் இந்தானிலிருந்து ஓர் அம்மா

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. காடி என் வீட்டுக்காரர் பெயரில். மகனின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தோம். பாசார் மாலாம் பக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டான். பெயர்தான் சேர்த்திருக்கிறோமே, முழுப் பணமும் வந்துவிடும் என்று நினைத்தேன். 21 வயதுக்குக் கீழே இருந்தாலும், பி லைசென்ஸாக இருந்தாலும், க்ளெய்மில் முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்துதான் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. க்ளெய்ம் செய்தால் என்.சி.டி.யும் (க்ளெய்ம் செய்யாத வருஷங்களுக்குக் கிடைக்கும் இன்சூரன்ஸ் கழிவு) போய்விடும். வீட்டுக்காரருக்கு 55 விழுக்காடு இருந்தது, அதைச் சேர்க்க ஐந்து வருஷம் ஆனது. அதனால் பம்பரை நாங்களே காசு கொடுத்து மாற்றினோம். காடி வாங்கும்போது எல்லாப் பணத்தையும் காடிக்கே கொடுத்துவிடாமல் ஆயிரம் வெள்ளியாவது தனியாக எடுத்து வையுங்கள்.

சாலை வரி ஒரு பொருட்டே இல்லை. 1.3-க்கு வருஷம் 70 வெள்ளி, 1.5-க்கு 90.

பீடோர், வயது 20

நான் ஓட்டுகிற பிள்ளை. இங்கே எல்லாரும் அப்பா அம்மா, அதனால் என் பக்கத்தையும் எழுதுகிறேன்.

அப்பா எனக்கு வாங்கிய காடியில் முந்தைய சொந்தக்காரர் கறுப்பு டிண்ட் ஒட்டியிருந்தார். பகலில் வெயிலுக்கு நன்றாக இருந்தது. ராத்திரி தோட்டத்து ரோட்டில் விளக்கே கிடையாது, பக்கக் கண்ணாடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விளக்கில்லாத சைக்கிளில் போன ஒரு தாத்தாவை மயிரிழையில் தவிர்த்தேன். மறுநாளே அப்பா அதை உரித்துவிட்டார். முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுகளுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்று ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) விதியே இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வேலைக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம், நல்ல மழை, முன்னால் ஒரு லோரி திடீரென்று நின்றது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்தது, கீழே எதுவோ அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். காடி மறுபடி வேகம் பிடித்தது. எப்படியோ ஓரத்துப் புல்லில் இறக்கி நிறுத்தினேன், கை நடுங்கியது. அப்புறம்தான் அப்பா சொன்னார், அது ஏ.பி.எஸ்., அது வேலை செய்கிறபோது பெடல் அப்படித்தான் அதிரும், காலை எடுக்கவே கூடாது, மிதித்தபடியே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும் என்று. டிரைவிங் ஸ்கூலில் எனக்கு அதை யாரும் காட்டவில்லை. காடியில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற அங்கிள்களே, அது எப்படி இருக்கும் என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள்.

சுங்கை சிப்புட் அப்பா

தங்காச்சி, உன் பதிவை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை. நானும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி பெய்த மழை காய்வதற்குள் தோட்டத்தில் குலை நிறுக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே விரிவான தார்த்தரை, லீவு நாளில் ஓர் ஆளும் இருக்க மாட்டார். கிராணியிடம் முன்னாடியே கேட்டுக்கொண்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 40-இல் வந்து ஓங்கி மிதிக்கச் சொன்னேன். முதல் தடவை பெடல் அதிர்ந்ததும் "அப்பா!" என்று கத்திக் காலை எடுத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. காலைப் பெடலிலேயே வைத்துக்கொள், அது உன்னோடுதான் வேலை செய்கிறது என்றேன். மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள், தடதடவென்ற சத்தத்தோடு காடி கோணாமல் நின்றது. "இன்னொரு தடவை" என்றாள் அவளாகவே. பத்துப் பன்னிரண்டு தடவை செய்தோம். கடைசி இரண்டில், எண்ணெய் டின்னை நடுவில் வைத்து, மிதித்தபடியே அதைச் சுற்றிப் போகச் சொன்னேன். டின் விழவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். ஸ்பேர் டயருக்குக் காற்று பார்த்துவிட்டேன்.