டர்பனிலிருந்து அட்லாண்டாவுக்கு: முழங்கால் மடங்காத அப்பாவுக்கு எந்த இருக்கை?

சாட்ஸ்வர்த் மகள்
அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் அட்லாண்டாவிலுள்ள அக்கா வீட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவின் வலது முழங்கால் அறவே மடங்குவதில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேர் விமானத்தில் போனாலும் அட்லாண்டிக்கைக் கடந்து இறங்க ஏறத்தாழ 16 முதல் 17 மணி நேரம் ஆகிறது. பிசினஸ் வகுப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்கான கூடுதல் கட்டணத்தை டாலரிலிருந்து ரேண்டுக்கு மாற்றிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. டர்பனிலேயே ஏறி, துபாய் வழியாகப் போவது மேலா?

வெருலம்வாசி
ஜோகன்னஸ்பர்க் அலைச்சல் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் துபாய்க்குப் பறக்கும் போயிங் 777இன் சாதாரண வகுப்பில் வரிசைக்கு 3-4-3 என்று 10 பேர். அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அட்லாண்டாவுக்கு அனுப்பும் ஏர்பஸ் ஏ350இல் 3-3-3 என்று 9 பேர்தான். இருக்கையின் அகலமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதல். துபாய் வழியில் நீண்ட பறப்புகள் இரண்டு, அதற்குமேல் அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டும். மடங்காத காலோடு அத்தனை முறை ஏறி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லெனேசியா அண்ணன்
தங்கைக்கு வணக்கம். பணம் கட்டுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 382ஆம் விதித்தொகுப்பின்படி, கால் மடங்காமல் விறைத்துப்போன பயணிக்கு, அவர் சீட்டு வாங்கிய அதே வகுப்பில், தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையையோ கால் நீட்ட அதிக இடமுள்ள வேறோர் இருக்கையையோ, அவர் காலுக்கு வசதியான பக்கமாகப் பார்த்து, கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். அமெரிக்காவுக்குச் செல்லும் வெளிநாட்டு விமானங்களுக்கும் இது பொருந்தும். தானாக யாரும் தர மாட்டார்கள். சீட்டு வாங்கிய கையோடு தொலைபேசியில் அழைத்து, காலின் நிலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். வலது கால் என்பதால், நடைபாதை அவருக்கு வலப்பக்கம் வரும் சி இருக்கையைக் கேளுங்கள்.

மிக மலிவான கட்டணத்தில் வாங்கினால் இருக்கையை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முடியாமல் அம்மா எங்கோ ஓரிடத்தில் உட்கார நேரலாம். விமான நிறுவனத்திடமே நேரடியாக, புறப்பாட்டுக்கு 7 நாட்களுக்கு முன்பாவது வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்.

சாட்ஸ்வர்த் மகள்
மிக்க நன்றி அண்ணா. இப்படியொரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அவசர வழியை ஒட்டிய வரிசையைக் கேட்கலாமா?

பீனிக்ஸ் அத்தை
அது கிடைக்காதம்மா. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களை மட்டுமே அங்கே உட்கார வைப்பார்கள். முதல் வரிசை என்றதும் மகிழ்ந்துவிடாமல், சுவருக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டிய கால் சுவரில் முட்டினால் என்ன பயன்? அங்கே உணவுத்தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியை உயர்த்த முடியாது. தொட்டில் மாட்டும் இடமும் அதுவே என்பதால் குழந்தைகளின் அழுகைக்கும் தயாராக இருக்க வேண்டும். மற்ற வரிசைகளில் நடைபாதைப் பக்கக் கைப்பிடி சிலவற்றின் அடியில், முதுகை ஒட்டிய கீலின் அருகே, விரலுக்குத் தட்டுப்படும் சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பும், அப்பா பக்கவாட்டில் நகர்ந்தே எழுந்துவிடலாம். உணவு வண்டி வரும்போது மட்டும் நடைபாதையில் நீட்டிய காலை மடக்காமலே உள்பக்கமாகத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.