டொலுவீன் டிரம்முக்கு எர்த்திங்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் பெயின்ட் பிரிவில் 200 லிட்டர் டிரம்மிலிருந்து டொலுவீன் என்ற கரைப்பானைச் சிறு கேன்களில் பிடிக்கிறோம். இதன் ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ்தான். சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். அது காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு படர்ந்து, தள்ளியிருக்கும் பொறியைக்கூட எட்டிவிடும்.

என் பெரிய கவலை நிலைமின்சாரம். டொலுவீன் மின்சாரத்தைக் கடத்தாது. வேகமாக ஊற்றினாலே மின்னூட்டம் சேரும். டிரம்மையும் உலோகக் கேனையும் கம்பியால் இணைத்து எர்த் செய்திருக்கிறோம். சிலர் பிளாஸ்டிக் கேன் கேட்கிறார்கள், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

பெயின்ட் பூசிய டிரம்மில் எர்த் கம்பியின் கிளிப் உலோகத்தைத் தொடுகிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்? எத்தனை ஓம் மின்தடை வரை ஏற்கலாம்? தரை மட்டத்தில் ஆவியை உறிஞ்சும் ஃபேன் வைத்தவர்களும் சொல்லுங்கள். உள்ளே தினமும் ஆட்கள் நிற்கிறார்கள்.