கதைகளில் வரும் காட்டை நேரில் காண எங்கே, எப்போது செல்ல வேண்டும்?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காடுகளைத் தேடிப் பயணம் செய்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நான் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் காட்டில்தான் நடக்கின்றன. பேசும் மரமும், பாசி படர்ந்த பாறைக்கு அடியில் குடியிருக்கும் குள்ளர்களும், வழி தவறிய பிள்ளைகளும் வராமல் அவளுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. அப்படியொரு காட்டை நேரில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், படங்களைப் பார்த்து நான் மயங்கியிருந்த ஓரிடத்துக்குச் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு சுற்றுலாக் குழுவோடு சென்றோம். நண்பகலில் எங்களை இறக்கிவிட்டு, நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள் என்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. படமெடுப்பதற்காகப் பாதையை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். படத்தில் பச்சைப் பட்டை விரித்ததுபோல் இருந்த பாசி, காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. திரும்பி வரும்போது மகள், "அம்மா, இது அந்தக் காடு இல்லைதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு காடு கதையில் வருவதுபோல் நமக்குத் தோன்றுவதற்கு உண்மையில் எது காரணம்? காடா, பருவமா, நாம் போகும் நேரமா? இது தெரிந்தால் அடுத்த முறை இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் தாயாரும் எங்களோடு வருவார். மூட்டுவலி இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் நடக்க இயலாது. அவரை அறையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போவதில் எனக்கு விருப்பமில்லை.

ஈரக்காற்று எழுதியது:

உங்கள் மகளின் கேள்வி சரியான கேள்வி. நீங்கள் போனது அதே காடாகவே இருக்கலாம். ஆனால் படத்தில் இருந்த நாள் வேறு.

பாசிக்கு நீரை உறிஞ்சும் வேர் கிடையாது. தன் மேல் படும் நீரை இலைகளாலேயே வாங்கிக்கொள்கிறது. மழை இல்லாத வாரங்களில் அது சுருங்கி, நிறம் மங்கி, செத்ததுபோல் கிடக்கும். ஆனால் சாவதில்லை. ஒரு முறை தூறல் விழுந்தால் சில நிமிடங்களிலேயே விரிந்து பச்சைக்குத் திரும்பிவிடும். ஆகவே விடுமுறைக் காலத்து நல்ல வெயில் நாள் பாசிக்காட்டுக்கு மிக மோசமான நாள். முந்தைய இரவு மழை பெய்து, காலையில் மேகம் மூடியிருக்கும் நாளே அதற்கு ஏற்றது. ஒளியும் இதே கணக்குத்தான். வெயில் நேராக விழும்போது காடு திட்டுத்திட்டாக வெளுத்தும் கறுத்தும் தெரிகிறது. மேகத்தின் வழியே வடிந்து வரும் ஒளி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுவதால், இலைக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது; ஆனால் அதில் பெரும்பகுதி குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் பெய்கிறது. நான் முதலில் ஆகஸ்டில் போய் ஏமாந்தேன், பிறகு அக்டோபர் இறுதியில் போய் வாயடைத்து நின்றேன். 'பாசி மண்டபம்' என்று பொருள்படும் பெயருடைய சுற்றுப்பாதை ஒன்று அங்கே உண்டு, மொத்தமே 1.3 கிலோமீட்டர்தான். தொடக்கத்தில் ஒரு சிறு ஏற்றம் இருந்தாலும், உங்கள் தாயார் நின்று நின்று நடந்தால் முடித்துவிடலாம். மேப்பிள் மரங்களின் கிளைகளிலிருந்து பாசி தாடிபோல் தொங்கும். 1981-இல் நளினி நாட்கர்னி என்ற சூழலியலாளர் இந்த வகைக் காடுகளின் மரங்களில் ஏறி, அந்தப் பாசிமெத்தையை விலக்கிப் பார்த்தபோது, மேப்பிள் மரம் தன் கிளைகளிலிருந்தே வேர்விட்டு, தன் மேல் படர்ந்த பாசியில் சேர்ந்திருக்கும் மண்ணை உண்பதைக் கண்டறிந்தார். தரையில் ஒரு வேர், வானத்தில் ஒரு வேர் என்று மகளிடம் சொல்லுங்கள். இதற்கு மேல் நீங்கள் கதை கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். அங்கே சில பெருமரங்கள், யாரோ நூல்பிடித்து நட்டதுபோல் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அவற்றின் அடியில் வேர்கள் தரைக்கு மேலே வளைந்து, ஒரு குழந்தை நுழையும் அளவுக்குக் குகைபோல் திறந்திருக்கும். நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. நெருக்கமான தரையில் இடம் கிடைக்காத விதைகள் அந்தக் கட்டையின் மேல் முளைத்து, இருபுறமும் வேரை இறக்கி வளர்ந்தன. பிறகு கட்டை மக்கிப் போயிற்று, அது இருந்த வெற்றிடம்தான் அந்தக் குகை. இப்படி விழுந்த மரத்தை அங்கே 'செவிலிமரம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நான் ஒரு கட்டையின் அருகே குந்தி அமர்ந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் உயரத்தில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் பாசியிலிருந்து எழுந்து நின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி நீர்.

புறப்படும் முன் சாலை நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் அங்கே போகும் ஒரே சாலையை வெள்ளம் அரித்துவிட்டது. 2025 மே மாதத்தில்தான் மீண்டும் திறந்தார்கள்.

வேர்வழி எழுதியது:

ஈரக்காற்று சொன்னதில் பாசியும் ஒளியும் வந்துவிட்டன. மரத்தின் உருவத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கதைக்காட்டில் நேராக வளர்ந்த மரம் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முறுக்கும், முண்டும், பொந்தும் உள்ள கிழட்டு மரங்களே நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன. அந்த மரங்கள் இன்றும் நிற்பதற்கு, அவை கோடரிக்குப் பயன்படாமல் போனதே பெரும்பாலும் காரணம்.

ஜப்பானின் தெற்கில் உள்ள யாகுஷிமா தீவில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அங்கே ஆயிரம் ஆண்டைக் கடந்த சுகி என்ற ஊசியிலை மரங்களுக்கே 'யாகுசுகி' என்ற பெயர் கொடுக்கிறார்கள். அதற்குக் குறைந்த வயதுடையவை, எவ்வளவு பெரியவையானாலும், 'கொசுகி', அதாவது சின்ன சுகி. எடோ ஆட்சிக்காலத்தில் (1603–1868) கூரை வேய்வதற்கான பலகைச் சில்லுகளுக்காக நேரான மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நேராகப் பிளக்க முடியாத கோணல் மரங்கள் தப்பின. ஜோமோன் சுகி என்ற புகழ்பெற்ற மரத்தின் அடிச்சுற்றளவு 16.4 மீட்டர், அதன் வயதை 2,170 முதல் 7,200 ஆண்டுகள் வரை பலவாறு கணிக்கிறார்கள். ஆனால் அந்த மரத்தைப் பார்க்கப் போய்வர 22 கிலோமீட்டர் நடக்க வேண்டும், பத்து மணி நேரம் ஆகும். அதை உங்கள் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதிலாக 'யாகுசுகி லேண்ட்' என்ற வனப்பூங்காவுக்குப் போங்கள். பெயர்தான் பொழுதுபோக்குப் பூங்காபோல் ஒலிக்கிறது, உள்ளே இருப்பது பழங்காடு. முப்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று சுற்றுப்பாதைகளைப் பிரித்து, படிகளும் பலகைகளும் அமைத்திருக்கிறார்கள். அதே மலைச்சாலையில் மேலும் சென்றால், கிகென் சுகி என்ற முதுமரம் சாலையோரத்திலேயே நிற்கிறது; வண்டியிலிருந்து இறங்கியதும் அம்மா அதைப் பார்த்துவிடலாம்.

மழைக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தீவின் மலைப்பகுதியில் ஆண்டுக்கு 8,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அந்தப் பச்சை அந்த மழையால்தான்.

நடக்கவே முடியாத நாளுக்கு ஓரிடம் சொல்கிறேன்: போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவின் ஃபனால். சாலையிலிருந்து சில அடிகள் வைத்தாலே தில் என்ற லாரல் வகை முதுமரங்களுக்கு நடுவே நிற்பீர்கள். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிக் காட்டுக்குள் புகுந்துவிடுவதால், மூடுபனி அங்கே அடிக்கடி உண்டு. பனி இறங்கியதும் பத்தடிக்கு அப்பால் இருக்கும் மரம் கரைந்துவிடும். அடுத்த நொடி வேறொரு மரம் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். பனி விலகிய நாளில் அது வெறும் புல்வெளி, நடுவில் சில மரங்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தத் தீவில் ஒரே நாளை ஒதுக்காமல் மூன்று நான்கு நாள் தங்கி, பனி இறங்கும் பொழுதுக்குக் காத்திருங்கள்.

ஓக்நிழல் எழுதியது:

கிரிம் சகோதரர்களின் கதைகளைச் சொல்லி வளர்க்கிறீர்கள் என்றால், ஜெர்மனியில் அவர்கள் வாழ்ந்த காசல் நகருக்கு வடக்கே உள்ள ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டையும் பாருங்கள். அதற்குள் ஸாபாபுர்க் அருகே 92 ஹெக்டேர் பகுதியை 1907-ஆம் ஆண்டிலேயே காப்பிடமாக்கி, மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதை ஆதிக்காடு என்று அழைத்தாலும் அது மனிதக் கை படாத காடு அன்று. பல நூற்றாண்டுகள் அங்கே மாடும் பன்றியும் மேய்ந்ததால், மரங்கள் நெருங்காமல் தள்ளித்தள்ளி நின்று, பக்கவாட்டில் கிளை விரித்துப் பருத்தன. மேய்ச்சல் நின்ற பிறகு இடைவெளியைப் பெரணி நிரப்பிக்கொண்டது. உள்ளே வெடித்துப்போன ஓக் மரங்கள் உண்டு, பாதி செத்தும் மீதிப் பாதியில் தளிர்விடுபவை. நடை எளிது. பக்கத்துக் கோட்டையைத் தூங்கும் அழகியின் கோட்டை என்றே அழைக்கிறார்கள். மகளுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.

மெல்லநட எழுதியது:

மற்றவர்கள் சொன்ன இடங்களை மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய காடுகள் நம்மால்தான் தேய்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் விஸ்ட்மன்ஸ் வுட் என்றொரு குட்டிக்காடு உண்டு, மூன்றரை ஹெக்டேர்தான். கருங்கல் பாறைகளின் இடுக்கில், மேயும் ஆடுகளின் வாய்க்கு எட்டாமல் முளைத்த ஓக் மரங்கள், காற்றில் குட்டையாகி முறுகி, பாசியும் கற்பாசியும் போர்த்தி நிற்கின்றன. அந்தப் பாறைகளின் மேல் ஏறி அமர்ந்து படமெடுத்தவர்களின் காலடியில் பாசி பெயர்ந்துபோனதால், உள்ளே நுழையாமல் வெளியோரமாகவே நடந்து பாருங்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். பெல்ஜியத்தின் ஹால்லர்பாஸ் காட்டிலும் இதே வருத்தம். ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை, பீச் மரங்கள் தளிர்த்துக் கூரையை மூடுவதற்கு முன் கிடைக்கும் வெளிச்சத்தில், தரையெங்கும் நீலமணிப் பூக்கள் ஒரே வீச்சில் மலர்கின்றன. மிதிபட்ட இலை அந்த ஆண்டு கிழங்குக்கு உணவு சேர்க்காது. விதையிலிருந்து புதுச்செடி பூக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு குழந்தையைப் பூக்களுக்கு நடுவே உட்கார வைத்து எடுக்கும் படத்துக்கு அவ்வளவு விலை.

அந்தக் காட்டின் பெரும்பகுதி முதல் உலகப்போரின்போது வெட்டப்பட்டுப் பிறகு நடப்பட்டது. அதாவது, நூறு வயதுகூட நிரம்பாத மரங்களும் அந்த உணர்வைத் தர முடிகிறது. அங்கே போவதானால் வார நாளில், விடியற்காலையில் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மழை பெய்தால் பயணமே பாழ் என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன். மழையைத் தேடிப் போக வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. தாயாரிடம் பேசினேன். பல நூறு வயது ஆனாலும் 'சின்னது' என்று அழைக்கப்படும் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே முதலில் சொன்னார். ஆகவே யாகுஷிமாவுக்குப் போகிறோம், முப்பது நிமிடப் பாதையை மட்டும் வைத்துக்கொள்கிறோம், இரண்டு நாள் அதே பாதைக்கே திரும்பிப் போவோம். மழைச்சட்டை, வழுக்காத காலணி ஆகியவற்றைத் தவிர வேறு ஏதாவது எடுத்துச் செல்ல வேண்டுமா?

ஈரக்காற்று எழுதியது:

மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறைகள், தாயாருக்கு ஒரு கைத்தடி. பலகைப் பாதை நனைந்தால் வழுக்கும், ஆகவே இறங்கும் படிகளில் அவருக்கு முன்னால் நீங்கள் நடங்கள்.

மகளுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு உருப்பெருக்கியை வாங்கிக் கொடுங்கள். பாதையில் நின்றபடியே, கைக்கு எட்டும் ஒரு மரத்தடியில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாசிக்கு நடுவே மெல்லிய காம்புகள் எழுந்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் வித்துத்தூள் நிறைந்த ஒரு குப்பி இருக்கும். சில வகைகளில் அந்தக் குப்பியின் தலையில் கூர்மையான, மயிரடர்ந்த தொப்பி ஒன்று கவிழ்ந்திருக்கும். குள்ளர்கள் எங்கே என்று அவள் கேட்டால், அந்தத் தொப்பிகளைக் காட்டுங்கள்.