உப்பைத் தின்னவன் தண்ணி குடித்ததைக் கண்ணால் பார்த்தது உண்டா?

குலசேகரத்துக்காரன்:
எங்களிடம் ரப்பர் ஷீட் எடுக்கிற வியாபாரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு காய்ந்த ஷீட்டைக் கொண்டு போனாலும் "ஈரம் இருக்கு" என்று எடையில் கழிப்பார். ஒருநாள் அப்பாவும் நானும் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய குடோனுக்குப் போனால், அங்கே நம்ம ஆள் சரக்கோடு நிற்கிறார். குடோன்காரர் ஒரு ஷீட்டை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "உள்ள காயல, கழிவு உண்டு." நம்ம ஆள் உடனே, "அண்ணாச்சி, நல்லா புகை போட்ட சரக்கு, கை வச்சுப் பாருங்க" என்று கெஞ்சினார். வாரா வாரம் நாங்கள் அவரிடம் சொல்கிற அதே வார்த்தை! அப்பா என் காதில், "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும் மக்கா" என்றார். அடுத்த வாரமும் எங்களுக்குக் கழிவு போட்டார், அது வேறு விஷயம்.

தோவாளை பூக்காரர்:
எங்கள் பக்கமும் ஒருத்தர் உண்டு, தண்ணீர் தெளித்துப் பூ விற்பவர். அவர் மகள் கல்யாணத்துக்கு வந்த மாலை முகூர்த்தத்துக்கு முன்பே அழுகிவிட்டது. அவ்வளவுதான். தம்பி, நீங்க முதல்ல தராசைப் பாருங்க. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட்டிருக்கணும். நம்ம மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. வீட்டிலேயே எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு போங்க. கடையில் பொருள் வாங்கி ஏமாந்தால் 1915-க்கு அடிக்கலாம், அது நுகர்வோர் உதவி எண். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தந்தால் வாங்காதீங்க, ரசீது கேளுங்க. தன்வினை தன்னைச் சுடும் என்று உட்கார்ந்திருந்தால் உங்க ரூபாய் திரும்பி வராது.

வள்ளவிளை வாசி:
பூக்காரர் அண்ணே, அழுகின மாலைக்கு அந்தப் பொண்ணு என்ன பாவம் செய்தாள்? இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. 2017-இல் ஒக்கி புயல் அடித்துக் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கரையே கதறிய நேரம். நித்திரவிளை பஸ்ஸில் ஒருத்தர் சத்தமாக, "எல்லாம் செய்த வினை" என்றார். முன் சீட்டில் எங்கள் ஊர் அக்கா ஒருத்தி, மடியில் பிள்ளை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் ஷட்டரை மெதுவாக இறக்கினாள், மழையே இல்லை. அந்த ஆளுக்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

319-ஆவது குறள் எல்லாருக்கும் மனப்பாடம்: "பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்" என்றுதான் தொடங்குகிறது. முற்பகலில் என்ன நடந்தது என்று கண்டவர்கள் பேசட்டும். நம்ம ஆட்கள் பிற்பகலைப் பார்த்துவிட்டு முற்பகலைக் கற்பனை பண்ணுகிறார்கள். குலசேகரத்துத் தம்பி சொன்னது சரி, செய்தவனுக்கே அதே கழிவு விழுந்தது. புயலுக்கும் அதைச் சொன்னால் எப்படி?

தோவாளை பூக்காரர்:
நான் புயலைப் பற்றிப் பேசவே இல்லையே. மாலை விஷயத்தில் நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். தராசு விஷயத்தில் மாற்றமில்லை.

திருவட்டாறு மருமகன்:
குலசேகரத்து அண்ணே, கடை சந்தைக்கு எதிரில், வாசலில் பலா மரம் நிற்குமா? அப்படியானால் அவர் எனக்க மாமனார். எனக்கும் கழிவு உண்டு.