பொருள்: கடல் தூண்டில் சொற்பட்டியல் – ‘சஸ்பெண்டிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தூத்துக்குடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

பட்டியலில் இன்னும் முடிவாகாமல் கிடப்பவை ஐந்து சொற்கள்: மீன் வடிவில் கடினமான உடலோடு செய்த தூண்டில் இரையான ஹார்டு லூர், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான லிப், மூன்று முனையுள்ள தூண்டில் முள்ளான ட்ரெபிள் ஹூக், முள்ளை உடலோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங், இழுப்பு நின்றதும் அதே ஆழத்தில் நிற்பதைக் குறிக்கும் சஸ்பெண்டிங். முதல் நான்குக்குப் பொய்மீன், அலகு, மும்முள், சாவிவளையம் என்று போடலாம் என்பது என் முன்மொழிவு.

படகில் பலரும் ஹார்டு லூரை ‘ரப்பாலா’ என்றே சொல்கிறார்கள். 1936இல் பின்லாந்தின் லவுரி ரப்பாலா தக்கையில் மீன் செதுக்கி, அதன்மேல் சாக்லேட் தாளைச் சுற்றி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். அவர் பெயரே நிறுவனத்தின் பெயராகி, பின் பொருளுக்கும் பெயராகிவிட்டது. வேறொருவர் செய்த பாப்பருக்கும் (நீர்மட்டத்தில் தண்ணீரை வாரி எறிந்து சத்தம் எழுப்பும் வகை) அதே பெயர் என்றால் கடையில் கேட்டு வாங்குபவருக்குத்தான் சிக்கல். ‘செயற்கை இரை’ என்றால் ரப்பர் புழுவும் அதற்குள் வந்துவிடும். பொய்க்கால், பொய்முடி வரிசையில் பொய்மீன் எளிதாகச் சேரும்.

லிப்பை ‘உதடு’ ஆக்கவேண்டாம். பாப்பருக்கு உண்மையிலேயே குழிந்த வாய் இருக்கிறது. ‘உதட்டைத் தேயுங்கள்’ என்று எழுதினால் எதைத் தேய்ப்பது? பறவையின் அலகைப் போல நீண்டு தண்ணீரைக் கிழிப்பதால் அலகு. அது செங்குத்தாக நின்றால் பொய்மீன் மேலாக ஓடும், ஆட்டம் அகலமாக இருக்கும். உடலின் போக்கிலேயே நீண்டு சாய்ந்திருந்தால் ஆழத்துக்கு இறங்கும். ‘அலகுச் சாய்வு’ என்று சொன்னாலே இது விளங்கிவிடும்.

சஸ்பெண்டிங் என்பதற்கு ‘அந்தரம்’ நினைத்திருக்கிறேன். இழுப்பை நிறுத்தியதும் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும் மீன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, பொய்மீன் நல்லாயிருக்கு. அந்தரம் மட்டும் வேண்டாம். எங்கட ஊரில் அந்தரம் என்றால் அவசரம், தவிப்பு. ‘அந்தரப்படாதேங்கோ’ என்று சொல்லாத வீடு இல்லை. அந்தரத்தில் நிற்கிற பொய்மீன் என்றால் தவிச்சுக்கொண்டு நிற்கிற மீன் என்றுதான் காதில் விழும். பட்டியல் இரண்டு கரைக்கும் பொது என்றபடியால் வேறு சொல் பார்க்கவேணும். ‘தொங்கி’யும் சரிவராது, தொங்குகிற பொருளுக்கு மேலே ஒரு பிடி இருக்கவேணும்.

மதுரையிலிருந்து:

பொய்மீனுக்கு முன்பே நம்மிடம் ஒரு சொல் உண்டு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். காட்டு விலங்கை ஈர்க்க வேட்டுவர் கட்டிவைக்கும் பழக்கிய விலங்கைச் சங்கப் பாட்டு ‘பார்வை’ என்கிறது. ‘தீவகம்’ என்றும் ஒரு சொல் உண்டு. இரண்டும் அழகானவை. ஆனால் பார்வை என்றதும் இன்று கண்தான் நினைவுக்கு வரும். கட்டுண்டு நின்றே இனத்தை அழைப்பது பார்வை விலங்கு; இதுவோ ஓடிப் பசியைத் தூண்டுவது. ஆகவே பொய்மீனுக்கே என் ஒப்புதல்.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி, சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். சஸ்பெண்டிங் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அது பொய்மீனுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. பொய்மீன், அதில் மாட்டிய முள், அது கிடக்கும் தண்ணீர் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் நிலை அது. நல்ல தண்ணீருக்கென்று செய்தவற்றைக் கடலில் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

30 கிராம் பொய்மீன் ஒன்று நல்ல தண்ணீரில் அசையாமல் நிற்கிறது என்றால் அதன் கன அளவு 30 கன சென்டிமீட்டர். கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிராம். அதே உடல் அங்கே 30.75 கிராம் நீரை விலக்கும். முக்கால் கிராம் மேல்நோக்கிய தள்ளல் மிச்சம். இழுப்பை நிறுத்தியதும் மெல்ல மேலே ஏறிவிடும். பாறையிடுக்கில் நிறுத்தி நிறுத்தி இழுத்துக் கொடுவாய் மீனைக் கிளப்ப நினைப்பவருக்கு அந்த முக்கால் கிராம்தான் எல்லாம்.

அடுத்தது முள். கடலுக்காக மும்முள்ளைக் கழற்றி ஒற்றைமுள் போடுகிறோம். காரணங்கள் நியாயமானவை: மும்முள் இரண்டு இடத்தில் குத்தினால் ஒன்றையொன்று நெம்பி விரியும், பெரிய பாறை மீன் அதை நிமிர்த்திவிடும், திருப்பி விடவேண்டிய மீனின் கண்ணும் செவுளும் கிழியும், படகில் துள்ளும் மீனிலிருந்து கழற்றும்போது கையில் ஏறும். ஆனால் தலா 2 கிராம் மும்முள் இரண்டை எடுத்து, தலா 1.4 கிராம் ஒற்றைமுள் போட்டால் 1.2 கிராம் இரும்பு குறைகிறது. அந்த இரும்பு விலக்கிய நீரைக் கழித்தால் தண்ணீருக்குள் நிகரக் குறைவு 1.04 கிராம். முன்சொன்ன முக்காலோடு சேர்த்து 1.8 கிராம் ஈடுகட்டவேண்டும்.

எங்கே ஈடுகட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஈயத்தின் அளவு மாறும். உள்ளீடற்ற பிளாஸ்டிக் உடலுக்குள் வைத்தால் 1.8 கிராமே போதும், ஏனென்றால் வெளிக் கன அளவு கூடுவதில்லை. வயிற்றில் ஒட்டினாலோ முள்ளின் தண்டில் சுற்றினாலோ அந்த ஈயமும் நீரை விலக்கும். அப்போது ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். பற்றவைக்கும் ஈயக்கம்பியை முள்தண்டில் சுற்றுவது எளிது, தவறினால் பிரித்துவிடலாம். துளைபோட்டு உள்ளே வைப்பவர்கள் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். பல உடல்கள் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டவை. தவறான அறையில் 2 மில்லிமீட்டர் துளை போட்டால் ஈயம் வாலுக்குப் போய்ச் சேரும். துளையை இரட்டைக் குழாய் எப்பாக்ஸிப் பசையால் அடைத்துவிடுங்கள். துடைக்க அசிட்டோன் வேண்டாம், அது உடலின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

சோதனை வாளியில். நல்லது, கடல்நீரையே மொண்டு வருவது. முடியாவிட்டால் 10 லிட்டர் தண்ணீரில் 360 கிராம் உப்பு. நன்றாகக் கலக்கவேண்டும். கலக்காவிட்டால் உப்பு மிகுந்த நீர் அடியிலும் நல்ல நீர் மேலேயும் அடுக்காக நிற்கும். பொய்மீன் நடுவில் அந்த எல்லையில் போய் நின்றுகொண்டு சரியாக அமைந்துவிட்டதுபோல் காட்டும். கடலில் அதே மீன் மேலே வரும், அல்லது அடியில் உட்காரும். கொக்கியும் (பொய்மீனை நரம்போடு இணைக்கும் சிறு பூட்டு) முன்நரம்பும் (தூண்டில் நரம்பின் முனையில் கட்டும் தனித்துண்டு) மாட்டிய நிலையில், ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தடவிவிட்டுப் பார்க்கவேண்டும். வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் கம்பி முன்நரம்பு போடுகிறவர்கள் அந்தக் கம்பியோடே சோதிக்கட்டும்.

ஆகவே எடையும் மிதப்பு விசையும் சமமாகும் நிலை: ‘சமமிதப்பு’. ‘எந்தத் தண்ணீரில்?’ என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பிவிடும். கடல்நீர்ச் சமமிதப்பு, நன்னீர்ச் சமமிதப்பு என்று எழுதலாம்.

சென்னையிலிருந்து:

ஐயா, கணக்கு ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. தண்ணீரின் வகையை முதன்மையாகச் சொன்னதும் சரி. வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காடு, பழவேற்காடு கழிமுகங்களில் உப்பு குறையும்போது, கோடையில் கடலுக்கென்று அமைத்த பொய்மீன் அங்கே மெல்ல அமிழும்.

ஆனால் சொல்லில் ஒரு இடறல். ‘சமமாக மிதக்கிறது’ என்றால் மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில், கிடையாக இருக்கிறது என்றுதான் முதலில் படும். சமமிதப்பில் நிற்கும் மீன் மூக்கு கீழாகவும் நிற்கலாமே?

நாகர்கோவிலிலிருந்து:

நல்ல கேள்வி. அதனால்தான் நிற்கும் கோலத்துக்குத் தனிச்சொல் வேண்டும்: மூக்குத்தாழ்வு, கிடை, வால்தாழ்வு. ஈயம் எவ்வளவு என்பது சமமிதப்பைத் தீர்மானிக்கும். எங்கே என்பது இந்தக் கோலத்தைத் தீர்மானிக்கும். அலகுள்ள பொய்மீனுக்கு முன்முள்ளின் கொண்டி (முள்ளை மாட்ட உடலில் பதித்த வளையம்) அருகே ஈயத்தைச் சேர்த்தால் சற்று மூக்குத்தாழ்வு வரும். இழுத்தவுடன் அலகு பிடித்து இறங்கும். வாலில் சேர்த்தால் ஆட்டம் செத்துவிடும். பாப்பருக்கு நேர்மாறு: வால்தாழ்வு வேண்டும், அப்போதுதான் குழிவாய் நீர்மட்டத்தில் நின்று தண்ணீரை வாரி எறியும். பாப்பரின் பின்முள்ளை இலேசானதாக மாற்றியவர்கள் ‘சத்தம் வரவில்லை’ என்பது இதனால்தான்.

இன்னொன்று, நேராக ஓடாமல் பக்கம் சாய்ந்து ஓடுவதை எடைக்குறை என்று நினைத்து ஈயம் ஒட்டவேண்டாம். அது நரம்பைக் கட்டும் கண்ணின் கோணல். பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் ஓடினால் கண்ணை வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் வளைக்கவேண்டும். திருகினால் பிளாஸ்டிக்கில் அதன் பிடி தளரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சமமிதப்புக்குச் சம்மதம். ஒற்றைமுள்ளில் ஒரு பிரிவு சேர்க்கவேணும். வழக்கமான முள்ளின் கண் குறுக்காக நிற்கும். ஒரே வளையத்தில் மாட்டினால் முள் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கும். கண்ணும் வளைவும் ஒரே தளத்தில் இருப்பதை ‘நேர்க்கண் ஒற்றைமுள்’ என்று எழுதினால் கடையில் பிழையானதை வாங்கமாட்டினம். முன்முள்ளின் நுனி முன்பக்கம் பார்க்கவும் பின்முள்ளின் நுனி மேலே பார்க்கவும் மாட்டுவது வழமை. மாட்டியபிறகு இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தொடாத நீளமோ என்றும் பார்க்கவேணும்.

‘சாவிவளையம்’ என்ற சொல்லுக்கு என்னிடம் தடை இருக்கு. வடிவம் அதேதான். ஆனால் பெயரைப் பார்த்து உண்மையான சாவி வளையத்தையே மாட்டினால் ஒரு பாறை மீன் இழுத்த இழுப்பில் விரிஞ்சுபோகும்.

தூத்துக்குடியிலிருந்து:

தடை சரியானது. சாவிவளையத்தை எடுத்துவிட்டு ‘ஈரடுக்கு வளையம்’ என்று மாற்றுகிறேன். பட்டியலில் சேரும் பதிவு இப்படி:

சமமிதப்பு – பொய்மீனின் மொத்த எடை, முள், ஈரடுக்கு வளையம், கொக்கி, முன்நரம்பு உட்பட, அது விலக்கும் நீரின் எடைக்குச் சமமாகி, இழுப்பு நின்றதும் ஏறாமலும் அமிழாமலும் நிற்கும் நிலை. நீரின் வகையைக் குறிப்பிடாமல் எழுதக்கூடாது. முள்ளை மாற்றினால் மீண்டும் சோதிக்கவேண்டும்.

இனி நிற்பது உடலுக்குள் தலை முதல் வால் வரை ஓடும் எஃகுக் கம்பி. திருகுக் கொண்டி பிடுங்கிக்கொண்டு வரும், இது வராது. உடல் நொறுங்கினாலும் மீன் கம்பியோடு நரம்பிலேயே இருக்கும். ‘முதுகெலும்புக் கம்பி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். கம்பி முதுகில் ஓடவில்லை, நடுவில் ஓடுகிறது என்பதால் எனக்கே நிறைவில்லை. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.